"அவுட்" சொன்ன பிறகு அம்பயர்கள் கூடிப் பேசி மாற்றினால், ரன்னரை எங்கே நிறுத்துவது?

கேள்வி: வலதுமூலை

பேஸ்பால் அம்பயரிங் தெரிந்தவர்களிடம் ஒரு சந்தேகம். கேமரா, ரீப்ளே எதுவும் இல்லாத ஆட்டம். அம்பயர்கள் இரண்டே பேர்: பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒருவர், உள்ளே பேஸ்களுக்கு ஒருவர்.

ஒரு அவுட். ஃபர்ஸ்ட் பேஸில் ரன்னர் (ஏற்கெனவே பேஸ் ஏறிவிட்ட பேட்டிங் அணி ஆள்). பேட்டர் அடித்த பந்து தாழ்வாகப் பறந்து சென்டருக்கும் ரைட்டுக்கும் நடுவில் போகிறது. ஃபீல்டர் பாய்ந்து விழுந்து, கையுறையைத் தூக்கிக் காட்டுகிறார். பேஸ் அம்பயர் "கேட்ச்" என்று கையை உயர்த்திவிட்டார். பந்து பிடிபட்டால் பழைய பேஸைத் தொட்டாக வேண்டும் என்பதால், பாதித் தூரம் போயிருந்த ரன்னர் திரும்பி ஃபர்ஸ்ட் பேஸுக்கே ஓடுகிறார். பேட்டர் டக்அவுட் (அணியினர் உட்காரும் இடம்) பக்கம் நடக்கிறார். பந்து செகண்ட் பேஸ்மேன் கைக்கு வருகிறது. அவர் அதை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். பிளேட் அம்பயருக்கோ பந்து தரையில் பட்டது தெரிந்திருக்கிறது. பேட்டிங் அணி மேனேஜர் கத்திக்கொண்டே வெளியே வருகிறார்.

பிளேட் அம்பயர் தானாகப் போய்ச் சொல்லலாமா? மாற்றலாமா? மாற்றினால் இரண்டு பேரையும் எங்கே நிறுத்துவது?

பதில் 1: கோட்டுக்காவலன்

கேள்விக்குள் போவதற்கு முன் உங்கள் காட்சியிலேயே ஒரு சந்தேகம் கிளப்புகிறேன். ஃபர்ஸ்ட் பேஸில் ரன்னர் இருந்தால் பேஸ் அம்பயர் பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேட்டுக்குப் பின்னால், உள்ளே நிற்பார். பிளேட் அம்பயர் அவருக்கு 80, 90 அடி பின்னால், ஏறக்குறைய அதே கோட்டில் இருப்பார். அதே கோணம், இன்னும் தூரம். அங்கிருந்து "எனக்குத் தெளிவாகத் தெரிந்தது" என்றால் அந்தத் தெளிவையே முதலில் கேள்வி கேட்க வேண்டும். பந்து ரைட் ஃபீல்டு கோட்டோரம் போய், பிளேட் அம்பயர் கோட்டை ஒட்டி நாலு எட்டு வைத்து வேறு கோணம் பிடித்திருந்தால் கதை வேறு. கூடிப் பேசுவதால் கிடைக்க வேண்டியது இரண்டாவது அபிப்பிராயம் அல்ல, முதல் அம்பயரிடம் இல்லாத தகவல். இந்த வித்தியாசம் தெரியாமல் கூடுகிற கூட்டம்தான் ஆட்டத்தைக் குட்டிச்சுவராக்கும்.

இப்போது விதி. அமெரிக்காவின் மேஜர் லீக் பயன்படுத்தும் அதிகாரப்பூர்வ விதிப் புத்தகத்தில் 8.02-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்டா சேஃபா, ஃபேரா ஃபவுலா (அடித்த பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா), பாலா ஸ்ட்ரைக்கா (வீசிய பந்து பேட்டருக்குச் சாதகமா பாதகமா) என்பதெல்லாம் அம்பயரின் கணிப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. விதியையே தப்பாகப் பயன்படுத்தினார் என்றால் மட்டும் மேனேஜர் கேட்கலாம், அதுவும் தீர்ப்பு சொன்ன அதே அம்பயரிடம். அவர் விரும்பினால் கூட்டாளியிடம் தகவல் கேட்டுவிட்டு இறுதி முடிவு சொல்லலாம். கேட்காத வரை இன்னொரு அம்பயர் அந்தத் தீர்ப்பை விமர்சிக்கவோ மாற்றவோ தலையிடவோ கூடாது.

ஆக, பிளேட் அம்பயர் விறுவிறுவென்று நடந்து போய், எல்லோர் முன்னிலும் "அது கேட்ச் இல்லை" என்று சொல்வது தப்பு. கையை விரித்து சேஃப் சைகை காட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. அந்த நொடியில் மைதானத்தில் இரண்டு தீர்ப்புகள் உயிரோடு இருக்கும். அப்படி ஆகிவிட்டால் 8.03(சி) வேலைக்கு வரும்: தலைமை அம்பயர் (வழக்கமாகப் பிளேட் அம்பயர்) எல்லோரையும் கூட்டி, மேனேஜரோ ஆட்டக்காரரோ பக்கத்தில் இல்லாமல் பேசி, யார் நல்ல இடத்தில் இருந்தார், எது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் அதற்குள் ரன்னர்கள் யாருடைய கையைப் பார்த்து ஓடினார்கள் என்பது அவிழ்க்க முடியாத சிக்கலாகியிருக்கும்.

நடைமுறையில் செய்வது இது. ஆட்டத்துக்கு முன்பே இருவரும் ஒரு சைகை பேசி வைத்துக்கொள்வார்கள். உதாரணமாக, உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் "என்னிடம் தகவல் இருக்கிறது" என்று பொருள். பார்த்தவர் தன் இடத்திலேயே நின்று அதைக் காட்டுவார். போய்க் கேட்பதா வேண்டாமா என்பது தீர்ப்பு சொன்னவர் பாடு.

கடைசியாக, மாற்றலாமா? கேட்ச் என்று சொன்னதை, பேஸில் ஆள் இருக்கும்போது கேட்ச் இல்லை என்று மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான மாற்றம். காரணம் உங்கள் காட்சியிலேயே இருக்கிறது: முதல் தீர்ப்பைக் கேட்டு நாலு பேர் தங்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ரன்னர் திரும்பினார், பேட்டர் ஓடவில்லை, ஃபீல்டர் நிதானமாக எறிந்தார், செகண்ட் பேஸ்மேன் பேஸை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் ஃபோர்ஸ் அவுட் (பேட்டருக்கு இடம் விட்டு முன்னேறியே ஆக வேண்டிய ரன்னரை, அவர் போக வேண்டிய பேஸைப் பந்தோடு மிதித்தே அவுட் ஆக்குவது) வந்திருக்குமோ என்னவோ. அதையெல்லாம் அம்பயர் கற்பனையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசை எளிது. கேட்ச் இல்லை என்று சொல்லி, பிறகு கேட்ச் என்று மாற்றினால் பேட்டர் அவுட், ரன்னர் பழைய பேஸுக்கு. அவர் டேக்-அப் (பந்து பிடிபட்ட பிறகு பழைய பேஸைத் தொட்டுவிட்டு ஓடுவது) செய்யாததை அவர் தலையில் கட்ட முடியாது, அம்பயர் சொன்னதை நம்பித்தானே ஓடினார். பேஸில் ஆளே இல்லை, அல்லது மாற்றினால் அது மூன்றாவது அவுட் என்றால் இன்னும் சுலபம்.

ஃபவுலை ஃபேராக மாற்றுவதும் முதல் வகைதான். "ஃபவுல்" என்ற சத்தம் கேட்டதும் பந்து செத்துவிட்டது, ஒன்பது ஃபீல்டர்களும் நின்றுவிட்டார்கள். வேலியைத் தாண்டிய பந்து மட்டும் விதிவிலக்கு. அதைப் பிடிக்கவோ எறியவோ யாராலும் முடியாது என்பதால், ஃபவுல் கம்பத்துக்கு எந்தப் பக்கம் போனது என்பதை நிதானமாகக் கூடிப் பேசி மாற்றலாம்.

பதில் 2: பழையமாஸ்க்

மேலே சொன்னதில் பெரும்பாலானது சரி. ஆனால் "மோசமான மாற்றம்" என்பதைப் "மாற்றவே கூடாது" என்று படித்துவிடாதீர்கள். 8.02(சி)-யின் பின்பாதியைப் பாருங்கள். கூடிப் பேசித் தீர்ப்பை மாற்றினால், முதல் தீர்ப்பால் வந்த விளைவுகளைத் துடைக்கத் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்க அம்பயர்களுக்கு அதிகாரம் உண்டு. சரியான தீர்ப்பே முதலில் வந்திருந்தால் ரன்னர்கள் எங்கே போயிருப்பார்களோ அங்கே நிறுத்தலாம். முதல் தீர்ப்பை நம்பி ஒரு ரன்னர் இன்னொருவரைத் தாண்டிப் போனது, பேஸை மிதிக்காமல் விட்டது, டேக்-அப் செய்யாதது எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விடலாம். இதை எதிர்த்து வாதிடுகிற மேனேஜரை வெளியே அனுப்பலாம். அமெரிக்கப் பள்ளி அளவில் தேசியக் கூட்டமைப்பின் விதியும் (10-2-3) மாற்றிய தீர்ப்பால் பாதிக்கப்பட்ட அணிக்குச் சரிசெய்யும் பொறுப்பைத் தலைமை அம்பயரிடம்தான் கொடுக்கிறது.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு ஒரு ஒப்பீடு. டிஆர்எஸ்ஸில் எல்பிடபிள்யூ அவுட் நாட் அவுட்டாக மாறினால், அவுட் கொடுத்த அந்த நொடியிலேயே பந்து டெட். அதன்பின் ஓடிய லெக் பை கணக்கில் வராது. அங்கே ஆட்டத்தை உறைய வைத்துவிடுகிறார்கள். பேஸ்பாலில் நடந்திருக்க வேண்டியதை மறுபடி கட்டி எழுப்பச் சொல்கிறார்கள். அதுதான் தலைவலி.

உங்கள் காட்சிக்கு வருகிறேன். ரன்னர் பாதி வழியில், அதாவது 90 அடியில் 45 அடி தாண்டியிருந்தார். ஃபீல்டர் தரையில் கிடக்கிறார். அவர் எழுந்து, பிடி சரிசெய்து, செகண்ட் பேஸுக்கு நூறடிக்கு மேல் எறிய வேண்டும். அதற்குள் ரன்னர் மீதி 45 அடியை ஓடிவிடுவார். ஆகவே ரன்னர் செகண்டில், பேட்டர் ஃபர்ஸ்டில். ரன்னருக்கு மூன்றாவது பேஸ் தரக்கூடாது, அது அதிகபட்சக் கற்பனை. பந்து செகண்ட் பேஸுக்கு நேர் பின்னால் கிட்டத்தில் விழுந்திருந்தால் நானும் முதல் தீர்ப்பை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். நடக்காத ஃபோர்ஸ் அவுட்டை ஊகித்து எழுதுவதற்கு விதியின் வாசகம் இடம் தரலாம். கேமரா இல்லாத மைதானத்தில் அதைச் செய்துவிட்டு யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது.

வலதுமூலை (கேட்டவர்)

இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் 2013 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக்கின் கடைசித் தொடர்) முதல் ஆட்டத்தில் மாற்றினார்களே, அது எப்படி அவ்வளவு சுலபமாகப் போனது? 2012-இல் அட்லாண்டாவில் இன்ஃபீல்ட் ஃப்ளையை (உள்ளே நிற்கும் ஃபீல்டர் சுலபமாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்துக்கு, அவர் பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட் என்ற தீர்ப்பு) ஏன் மாற்றவில்லை? இன்னொன்று: செக் ஸ்விங்குக்கு (பேட்டர் மட்டையை வீசப் போய்ப் பாதியில் நிறுத்துவது) மட்டும் எல்லோரும் சர்வ சாதாரணமாக இன்னொரு அம்பயரைக் கைகாட்டுகிறார்களே, அங்கே "கேட்காமல் தலையிடக்கூடாது" என்ற கதை இல்லையா?

பதில் 3: பதினேழங்குலம்

2013 அக்டோபர் 23, பாஸ்டன் ஃபென்வே பார்க். முதல் இன்னிங்ஸின் பின்பாதி, ஒரு அவுட், ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ரன்னர்கள். டேவிட் ஓர்டிஸ் அடித்த தரைப்பந்தை செயின்ட் லூயிஸ் செகண்ட் பேஸ்மேன் மேட் கார்பென்டர் எடுத்து ஷார்ட்ஸ்டாப் பீட் கோஸ்மாவுக்குத் தள்ளினார். பந்து கோஸ்மாவின் கையுறையில் பட்டுத் தெறித்தது. செகண்ட் பேஸ் அம்பயர் டானா டெமத் அவுட் கொடுத்தார். அதாவது கோஸ்மா பந்தை முதலில் பிடித்துவிட்டார், எறியக் கைமாற்றும்போதுதான் நழுவியது என்று எடுத்துக்கொண்டார். பாஸ்டன் மேனேஜர் ஜான் ஃபேரல் வெளியே வந்தார். ஆறு அம்பயர்களும் கூடினார்கள். ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு ஓடிய டஸ்டின் பெட்ரோயா சேஃப் என்று மாறியது. பேஸ்கள் நிறைந்தன, அடுத்து வந்த மைக் நப்போலி டபுள் (பேட்டர் செகண்ட் பேஸ் வரை போகும் அடி) அடித்து மூன்று ரன்களையும் உள்ளே கொண்டுவந்தார். ஆட்டம் 8-1.

இது ஏன் சுலபம் என்றால், முதல் தீர்ப்பு யாரையும் நிறுத்தவில்லை. பந்து தரையில் உருண்டது, டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) வாய்ப்பு அதோடு முடிந்தது, ரன்னர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறியாகிவிட்டது. தீர்ப்பை மாற்றியபோது யாரையும் நகர்த்த வேண்டிய வேலையே இல்லை. "பிடித்தாரா, பிடிக்கவே இல்லையா" என்பதும் பக்கவாட்டிலிருந்து பார்த்தவருக்கு நன்றாகத் தெரிகிற விஷயம்.

2012 அக்டோபர் 5 வேறு ஜாதி. எட்டாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ரன்னர்கள். அட்லாண்டாவின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் தூக்கி அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்டின் முன்பகுதியில் இறங்கியது. பின்னோக்கிப் போன ஷார்ட்ஸ்டாப் கடைசி நொடியில் விலகினார். (அவரும் இதே கோஸ்மாதான். ஒரு வருட இடைவெளியில் இரண்டு களேபரங்களுக்கும் நடுவில் ஒரே ஆள்.) லெஃப்ட் ஃபீல்டு அம்பயர் சாம் ஹோல்புரூக் இன்ஃபீல்ட் ஃப்ளை என்று கை உயர்த்தியிருந்தார். ரசிகர்கள் பாட்டில்களை வீசியதில் 19 நிமிடம் ஆட்டம் நின்றது. அம்பயர்கள் பேசினார்கள், தீர்ப்பு அப்படியே நின்றது. அட்லாண்டாவின் புரோட்டஸ்டும் (தீர்ப்பை எதிர்த்து லீக்கிடம் கொடுக்கும் புகார்) தள்ளுபடியானது. "சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடியதா" என்பது முழுக்க அந்த அம்பயரின் கணிப்பு. பந்து விழுந்துவிட்டது என்பது புதுத் தகவல் இல்லை, அது 50,000 பேருக்கும் தெரியும். கூட்டாளிகள் கொண்டுவர எதுவும் இல்லை என்றால் கூடினாலும் மாற முடியாது. நேரத்தில் கை தூக்காமல் தாமதித்தார் என்ற விமர்சனம் எனக்கும் உண்டு, ஆனால் அது வேறு வாதம்.

ரன்னரைத் திருப்பி அனுப்பிய மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் 2004 அக்டோபர் 19, யாங்கி ஸ்டேடியம், அமெரிக்கன் லீக் இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டம். ஒரே இரவில் இரண்டு மாற்றங்கள். பாஸ்டனின் மார்க் பெல்ஹார்ன் லெஃப்ட் ஃபீல்டில் அடித்த பந்து முன்வரிசை ரசிகர் நெஞ்சில் பட்டு உள்ளே திரும்பியது. முதலில் ஆட்டத்தில் இருக்கும் பந்து என்றார்கள், கூடிப் பேசி ஹோம் ரன் ஆக்கினார்கள். இது வேலி சம்பந்தப்பட்டது, சிக்கல் கம்மி.

எட்டாவது இன்னிங்ஸில் நடந்ததுதான் பாடம். பாஸ்டன் 4-2 முன்னிலை, ஒரு அவுட், ஃபர்ஸ்டில் யாங்கி ரன்னர் டெரெக் ஜீட்டர். அலெக்ஸ் ரோட்ரிகஸ் அடித்த பந்து மெதுவாக உருண்டது. அதை எடுத்த பிட்சர் பிரான்சன் அரோயோ அவரைத் தொட வந்தார். ரோட்ரிகஸ் கையால் கையுறையைத் தட்டிவிட, பந்து தெறித்துக் கோட்டோரம் ஓடியது. ஜீட்டர் ஹோம் பிளேட் வரை வந்துவிட்டார், ஸ்கோர் பலகையில் 4-3. முதல் தீர்ப்பு சேஃப். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்தில் ஆட்கள் மறைத்துக்கொண்டிருந்த அந்தத் தட்டலை, வேறு கோணத்தில் நின்றவர்கள் பார்த்திருந்தார்கள். கூடிப் பேசி இன்டர்ஃபியரன்ஸ் (ஃபீல்டருக்கு இடையூறு) என்றார்கள். ரோட்ரிகஸ் அவுட், ஜீட்டர் திரும்ப ஃபர்ஸ்டுக்கு, ஸ்கோர் 4-2. ஆட்டம் அப்படியே முடிந்தது.

இங்கே ரன்னரை எங்கே நிறுத்துவது என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸை அடைவதற்கு முன் இன்டர்ஃபியரன்ஸ் செய்தால் ரன்னர்கள் பிட்ச் வீசப்பட்டபோது இருந்த பேஸுக்கே போக வேண்டும் என்று விதியே சொல்கிறது. மாற்றத்தோடு தண்டனையும் ரெடிமேடாக வருகிற தீர்ப்புகளை மாற்றுவது சுலபம்.

பதில் 4: கோட்டுக்காவலன்

செக் ஸ்விங் கேள்விக்கு. அது தலையிடுவது இல்லை, கேட்டு வாங்குவது. பிளேட் அம்பயர் "பால்" என்று சொன்னால் மட்டும் கேட்சரோ (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) மேனேஜரோ பேஸ் அம்பயரைக் கேட்கச் சொல்லலாம். "ஸ்ட்ரைக்" என்று சொல்லிவிட்டால் பேட்டிங் அணிக்கு அந்த உரிமை கிடையாது. மேஜர் லீக் விதியில், கேட்டால் பிளேட் அம்பயர் அனுப்பியே ஆக வேண்டும். பேஸ் அம்பயர் ஸ்ட்ரைக் என்றால் ஸ்ட்ரைக்தான். பள்ளி விதியில் அனுப்புவது பிளேட் அம்பயரின் விருப்பம். வலதுகை பேட்டருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் அம்பயர், இடதுகை பேட்டருக்கு தர்ட் பேஸ் அம்பயர். இரண்டு பேர் மட்டும் என்றால் உள்ளே நிற்பவர் எங்கிருந்தாலும் அவர்தான்.

பலர் கோட்டை விடுகிற இடம்: செக் ஸ்விங் கேட்கும்போது பந்து உயிரோடுதான் இருக்கிறது. நாலாவது பால் (அப்படியானால் பேட்டருக்கு ஃபர்ஸ்ட் பேஸ், அங்கிருக்கும் ரன்னருக்கு செகண்ட்) என்று நினைத்து ஃபர்ஸ்ட் பேஸ் ரன்னர் செகண்டுக்கு ஹாயாக நடக்கிறார், பேஸ் அம்பயர் ஸ்ட்ரைக் என்று முஷ்டியை உயர்த்துகிறார், கேட்சர் எறிந்து தொட வைக்கிறார். ரன்னர் அவுட், கூடிப் பேசிக் காப்பாற்ற வழியில்லை. மாறக்கூடும் என்று எதிர்பார்த்து விழிப்போடு இருப்பது ரன்னரின் பொறுப்பு என்று விதி விளக்கமே சொல்கிறது. மேலே பேசிய மாற்றங்களில் அம்பயரை நம்பியவருக்குப் பாதுகாப்பு உண்டு. இங்கே இல்லை.

கூடிப் பேசும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லா ஓட்டமும் நின்ற பிறகுதான் "டைம்". நடுவில் டைம் கொடுத்தால் இன்னொரு குழப்பம் பிறக்கும். மேனேஜரிடம் தீர்ப்பு சொன்னவர் மட்டும் தனியாகப் பேச வேண்டும். "என் பார்வை மறைந்ததா?" என்று தன்னையே கேட்டு, ஆம் என்றால் மட்டும் "கேட்கிறேன், நீங்கள் டக்அவுட்டுக்குப் போங்கள்". அவர் போகும் வரை நடக்கக்கூடாது. ஆட்டக்காரர்கள் காதில் விழாத இடம், முகம் உள்பக்கம். தீர்ப்பு சொன்னவர்தான் முதலில் பேச வேண்டும்: "நான் பார்த்தது இது, பந்தைப் பார்க்கவில்லை. உன்னிடம் என்ன இருக்கிறது?" மற்றவர் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். "பந்து தரையில் இருந்தது" என்பது தகவல். "சேஃப் மாதிரி இருந்தது" என்பதைச் சொல்லவே வேண்டாம். கலைவதற்கு முன் ரன்னர்கள் யார் எங்கே, எத்தனை அவுட், பால்-ஸ்ட்ரைக் எண்ணிக்கை மூன்றையும் சத்தமாகச் சரிபார்க்க வேண்டும். தீர்ப்பை மாற்றிவிட்டு எண்ணிக்கையை மறந்து நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. புதுத் தீர்ப்பை அறிவிப்பவர் பழையதைச் சொன்னவரே. பாதிக்கப்பட்ட அணியின் மேனேஜருக்கு ஒரே வாக்கியத்தில் காரணம் சொன்னால் போதும்.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஃபர்ஸ்ட் பேஸ்மேன் கால் பேஸிலிருந்து விலகியதோ என்று சந்தேகம் வந்தால், அவுட்டோ சேஃபோ சொல்வதற்கு முன்பே பிளேட் அம்பயரைக் கைகாட்டிக் கேட்டுவிடுங்கள். "இருந்தது", "விலகியது", ஒரு சொல்லில் பதில். மாற்றமே இல்லை, ஒரே தீர்ப்பு.

கேள்வி: புதுக்கையுறை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2010-இல் டெட்ராய்டில் பிட்சர் அர்மாண்டோ கலராகாவின் பெர்ஃபெக்ட் கேம் (ஒரு பேட்டரையும் பேஸ் ஏறவிடாமல் 27 பேரையும் அவுட் ஆக்குவது) போனதே, 27-ஆவது பேட்டருக்கு ஜிம் ஜாய்ஸ் தப்பாக சேஃப் கொடுத்து. அங்கே நாலு பேர் கூடியிருக்கலாமே?

பதில் 5: பழையமாஸ்க்

கூடி என்ன சொல்வார்கள்? தரைப்பந்துக்கு ஃபர்ஸ்ட் பேஸ் அம்பயர் 15, 18 அடியில் நின்று, காலைக் கண்ணாலும் பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதாலும் பிடிப்பார். அடுத்த அம்பயர் 90 அடிக்கு அப்பால். பார்வை மறையவில்லை, பந்து நழுவவில்லை. நேரம் மட்டும்தான் கேள்வி. நேரத்தில் தூரத்து ஆளுக்கு எந்தச் சாதகமும் இல்லை. அதனால்தான் இந்த வகையை மட்டும் கேமராவிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு ரீப்ளே ஹோம் ரன்னுக்கு மட்டும்தான், அதுவும் 2008-இல் வந்தது. அவுட், சேஃப் எல்லாம் 2014-இல்தான் சேர்ந்தன. இப்போது கூட செக் ஸ்விங்கும் இன்ஃபீல்ட் ஃப்ளை கணிப்பும் அதில் வராது.

சரி, பதினேழங்குலம் சார், உங்கள் பெயர் ஹோம் பிளேட்டின் அகலம்தானே? அந்தக் கதையையும் போட்டுவிடுங்கள்.

பதில் 6: பதினேழங்குலம்

அதேதான். 1983 ஜூலை 24, கன்சாஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் யாங்கி ஸ்டேடியத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட் விழுந்த பின் ஹோம் ரன் அடித்து அணியை 5-4 முன்னால் கொண்டுபோனார். மட்டையில் பிசின் விதி அனுமதிக்கும் 18 அங்குலத்துக்கு மேல் பூசப்பட்டிருக்கிறது என்றார் யாங்கி மேனேஜர் பில்லி மார்ட்டின். அம்பயர்கள் கூடினார்கள். அளக்க அளவுகோல் இல்லை. பிளேட் அம்பயர் டிம் மெக்லெலண்ட் மட்டையை ஹோம் பிளேட்டின் குறுக்கே வைத்தார். பிளேட் அகலம் 17 அங்குலம், பிசின் அதைத் தாண்டி நீண்டது. பிரெட் அவுட், ஆட்டம் முடிந்தது.

இது கணிப்பு அல்ல, விதியைப் பயன்படுத்திய விதம். அதனால் அன்றைய விதிப்படி புரோட்டஸ்ட் செல்லுபடியானது. லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அதை ஏற்று ஹோம் ரன்னைத் திருப்பிக் கொடுத்தார். ஆகஸ்ட் 18 அன்று ஹோம் ரன்னுக்கு அடுத்த நொடியிலிருந்து ஆட்டம் தொடர்ந்தது, வேறு அம்பயர்களோடு. மார்ட்டின் உடனே பேஸ்களுக்குப் பந்தை எறிய வைத்து, ரன்னர்கள் பேஸை மிதிக்கவில்லை என்று முறையிட்டார். அன்று மைதானத்தில் இல்லாதவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கணக்கு. அம்பயர் டேவ் பிலிப்ஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எல்லா பேஸ்களும் மிதிக்கப்பட்டன என்று பழைய அம்பயர் குழு கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம்.